வான்லி பேரரசரின் மௌனமும் மிங் வம்சத்தின் சரிவும்

1602ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு நாள், பெய்ஜிங் அரண்மனையிலிருந்து அமைச்சர்களுக்கு அவசர அழைப்பு வந்தது. பேரரசர் வான்லிக்குத் திடீரென்று உடம்பு மோசமாகிவிட்டது. வயது 38தான். எல்லோரும் ஓடினார்கள். உள்ளே போக அனுமதி கிடைத்தது மூத்த பெருஞ்செயலர் ஷென் யிகுவான் ஒருவருக்கு மட்டும். பேரரசர் முழு அரச உடையில் தரையில் உட்கார்ந்திருந்தார். தாயார் பக்கத்தில் நின்றிருந்தார். பட்டத்து இளவரசரும் மற்ற பிள்ளைகளும் எதிரே மண்டியிட்டிருந்தார்கள். இனிப் பிழைக்கப் போவதில்லை என்ற நினைப்பில் வான்லி பேசினார். சுரங்க வரியையும் வணிக வரியையும் அரண்மனை மண்டபங்களைத் திரும்பக் கட்டத்தான் போட்டேன், அவற்றை நிறுத்திவிடுங்கள் என்றார். வசூலுக்குப் போன ஆட்களைத் திரும்ப அழைக்கவும், குறை சொன்னதற்காகப் பதவி பறிக்கப்பட்டவர்களுக்கு வேலையைத் திருப்பித் தரவும் சொன்னார். ஷென் அழுதுகொண்டே வெளியே வந்தார். அன்றிரவே ஆணை எழுத்தாக வந்து சேர்ந்தது.

மறுநாள் பேரரசருக்கு உடம்பு தேறிவிட்டது. தேறியதும் அவர் செய்த முதல் காரியம், அந்த ஆணையைத் திரும்ப வாங்கிவர ஆள் அனுப்பியதுதான். ஒருவர் பின் ஒருவராக இருபது பேர் வந்தார்கள். தரையில் நெற்றி மோதி, ரத்தம் கசியக் கெஞ்சினார்கள். ஷென் கொடுத்துவிட்டார். அரண்மனைக்குள்ளேயே இதை எதிர்த்து வாதாடியவர் தியென் யீ என்ற அரண்மனைப் பணியாளர். பேரரசர் அவரை வெட்டக் கத்தியைக் கையில் எடுத்தாராம். பிற்பாடு தியென் யீ ஷென்னைப் பார்த்தபோது காறித் துப்பி, கொஞ்சம் தாக்குப்பிடித்திருந்தால் அந்த வரி ஒழிந்திருக்குமே என்றார். அது ஒழிய இன்னும் 18 ஆண்டுகள் ஆயின. 1620இல் வான்லி உண்மையிலேயே இறந்த பிறகுதான் வரி நின்றது.

சீன வரலாற்றில் கெட்ட அரசர்களுக்குப் பஞ்சமில்லை. பழைய ஏடுகளில் வம்சத்தின் கடைசி அரசன் என்றாலே ஒரே அச்சில் வார்த்த உருவம்: மதுவால் நிரப்பிய குளம், இறைச்சி தொங்கவிட்ட காடு, ஆட்டிவைக்கும் ஓர் அழகி, கேள்வி கேட்டவர்களுக்குச் சித்திரவதை. ஷாங் வம்சத்தின் கடைசி மன்னனைப் பற்றிச் சொல்லப்படுவது இதுதான். வானம் கொடுத்த ஆணையை அவன் இழந்தான், அடுத்த வம்சத்துக்கு அது போயிற்று என்று கதை முடியும். வென்றவர்கள் எழுதிய கதை. தோற்றவன் எவ்வளவு கெட்டவனோ வென்றவனுக்கு அவ்வளவு நியாயம் சேரும்.

வான்லி இந்த அச்சில் அடங்காதவர். ஊர்களை எரிக்கவில்லை, கூட்டங்கூட்டமாகக் கொல்லவுமில்லை. 1572 முதல் 1620 வரை, 48 ஆண்டுகள், மிங் பேரரசர்களிலேயே மிக நீண்ட ஆட்சி. அந்தக் காலத்தில் வணிகம் தழைத்தது, அச்சுப் புத்தகங்கள் பெருகின, அமெரிக்க வெள்ளி மணிலா வழியாகவும் ஜப்பானிய வெள்ளி கடல் வழியாகவும் சீனாவில் கொட்டியது. ஆனாலும் 1739இல் வெளியான அதிகாரபூர்வ மிங் வரலாறு, ‘மிங் உண்மையில் வான்லி காலத்திலேயே அழிந்துவிட்டது என்று சொல்வார்கள்’ என்று எழுதியது. அதைத் தொகுக்கவைத்தது மிங்குக்குப் பிறகு வந்த, மஞ்சுக்களின் சிங் வம்சம் என்பதை ஒரு ஓரத்தில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தாங்கள் வருவதற்கு முன்பே வீடு உளுத்துப்போயிருந்தது என்று சொல்வது அவர்களுக்கு வசதி. இருந்தாலும் அந்தத் தீர்ப்பில் விஷயம் இருக்கிறது. ஒரு தனிமனிதனின் பிடிவாதமும் கஞ்சத்தனமும் எந்தெந்த வழியாக வழிந்து அரசாங்கத்தை அரித்தன என்பதை வான்லி விஷயத்தில் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

முதலில் வீடு கட்டியவரைப் பார்க்க வேண்டும். மிங் வம்சத்தை நிறுவிய ஜூ யுவான்ஜாங் ஏழைக் குடியானவன் வீட்டுப் பிள்ளை. யாரையும் நம்பாதவர். 1380இல் தன் தலைமை அமைச்சர் ஹு வெய்யோங் சதி செய்ததாகச் சொல்லி அவரைக் கொன்றார். அதோடு நிற்காமல், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சீனாவில் இருந்த அந்தப் பதவியையே ஒழித்தார். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்பவனுக்கும் மரண தண்டனை. அதன் பிறகு ஆறு அமைச்சகங்களும் நேரே பேரரசரிடம்தான் வர வேண்டும். 1384இல் எட்டே நாட்களில் அவர் மேசைக்கு வந்தவை 1,660 மனுக்கள். அவற்றில் இருந்த விவகாரங்கள் 3,391. அவர் பார்த்தார். விடியும் முன் எழுந்து நள்ளிரவு வரை வேலை செய்யக்கூடிய பிறவி அவர். தன் பேரனுக்குப் பேரனும் அப்படியே இருப்பான் என்று எண்ணி அமைத்த ஏற்பாடு அது.

பின்னால் வந்தவர்களால் முடியவில்லை என்பதால் பெருஞ்செயலர்கள் என்று சிலர் உருவானார்கள். மனுவைப் படித்து, என்ன பதில் எழுதலாம் என்று ஒரு சீட்டில் வரைவு எழுதி ஒட்டி உள்ளே அனுப்புவது அவர்கள் வேலை. பேரரசர் சிவப்பு மையில் எழுதினால்தான் அது ஆணையாகும். சீட்டு உள்ளே போய் வெளியே வராவிட்டால் யாரும் எதுவும் செய்ய முடியாது. தலைமை அமைச்சர் இருந்த காலத்தில் அரசர் தூங்கினாலும் அரசாங்கம் நடந்தது. மிங் ஏற்பாட்டில் அந்த இடைவெளி இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்தால் வான்லி செய்தது ஏன் அவ்வளவு பாதித்தது என்பது பாதி விளங்கிவிடும்.

1572இல் பட்டத்துக்கு வந்தபோது வான்லிக்கு ஒன்பது வயது. மூன்று பேர் அவரை வளர்த்தார்கள்: தாயார் லீ, அரண்மனை அண்ணகர்களின் தலைவர் ஃபெங் பாவ், பெருஞ்செயலர் ஜாங் ஜூஜெங். ஆண்மை நீக்கப்பட்டு அரண்மனை வேலைக்கு வந்தவர்களே அண்ணகர்கள்; மேலே சொன்ன தியென் யீயும் அவர்களில் ஒருவர்தான். அரசவை கூடும் நாட்களில் தாயார் விடியும் முன்பே பையனின் அறைக்கு வந்துவிடுவார். எழுப்பி உட்காரவைத்து, தண்ணீர் வாங்கி முகம் கழுவிவிட்டு, பல்லக்கில் ஏற்றி அனுப்பிவைப்பார். பையனுக்குக் கையெழுத்துக் கலையில் நல்ல கை. அழகாக எழுதிக் கொடுத்து எல்லோரையும் மகிழ்விப்பான். அரசனுக்கு அது தேவையில்லாத கலை என்று ஜாங் அந்தப் பாடத்தையே நிறுத்திவிட்டார். 1580இல், பதினேழு வயதில், குடிபோதையில் ஒரு ரகளை நடந்தது; அரண்மனைப் பணியாள் ஒருவரின் முடியை வெட்டிவிட்டார். தாயார் ஹுவோ குவாங்கின் வாழ்க்கைக் குறிப்பை எடுத்துவரச் சொன்னார். ஹுவோ குவாங் யார்? கி.மு. 74இல், பட்டமேறி 27 நாளான ஒரு பேரரசரை இறக்கிவிட்டவர். உன் தம்பி இருக்கிறான், ஞாபகம் வைத்துக்கொள் என்று அர்த்தம். பிள்ளை மண்டியிட்டு அழுதது. மன்னிப்பு அறிக்கையை எழுதிக் கொடுத்தவரும் ஜாங்தான்.

ஜாங் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ஒவ்வொரு ஆணையும் பதிவேட்டில் ஏறும், அதற்கு ஒரு கெடு இருக்கும், கெடு தாண்டினால் அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். நாடு முழுக்க நிலத்தை அளக்கவைத்தார். பல வரிகளை ஒன்றாக்கி வெள்ளியில் கட்டும் முறையை 1581இல் பரவலாக்கினார். கருவூலம் நிரம்பியது. ஆனால் எல்லாம் அவர் கைப்பிடியில் நடந்தது. 1577இல் தந்தை இறந்தபோது வழக்கப்படி பதவி விலகி 27 மாதம் துக்கம் காக்க வேண்டியவர் பதவியிலேயே இருந்தார். எதிர்த்த அதிகாரிகளுக்கு அரசவை வாசலில் பிரம்படி விழுந்தது.

1582இல் ஜாங் இறந்தார். சில மாதங்களில் ஃபெங் பாவ் விரட்டப்பட்டார். அவர் வீட்டிலிருந்து பறிமுதலானவை மலைபோலத் தங்கமும் வெள்ளியும் நகைகளும். சிக்கனத்தைப் போதித்தே வளர்த்த ஆசிரியரும் சொத்து சேர்த்திருக்கிறார் என்று அப்புறம் தெரியவந்தது. 1584இல் ஜாங்கின் சொந்த ஊர் வீட்டைப் பறிமுதல் செய்ய ஆணை போனது. அதிகாரிகள் வந்து சேரும் முன்பே உள்ளூர்க்காரர்கள் வீட்டைப் பூட்டி அடைத்துவிட்டதால் உள்ளே பத்துப் பேருக்கு மேல் பட்டினியால் செத்தார்கள். மூத்த மகன் தூக்கில் தொங்கினார்.

இருபத்தொரு வயது வான்லி இதிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒழுக்கம் பேசுகிற எவனும் யோக்கியன் இல்லை. இரண்டாவது, அமைச்சகத்தைக் கேட்காமல் கைக்கு வரும் பணத்துக்கு ஒரு தனி ருசி உண்டு. ஜாங்கின் பதிவேட்டு முறையும் அவரோடு போயிற்று. அதை வெறுத்திருந்த அதிகாரிகளுக்கும் அதில் மகிழ்ச்சி.

அடுத்த சண்டை வாரிசைப் பற்றியது. முதல் மகன் சாங்லுவோ 1582இல் பிறந்தான். தாயாரின் பணிப்பெண் ஒருத்தியிடம் பேரரசருக்குப் பிறந்தவன். அந்த உறவை ஒப்புக்கொள்ளவே அவர் கூசினார். 1586இல் அவர் உயிராக நேசித்த ஜெங் என்ற மனைவிக்குச் சாங்சுன் பிறந்தான். பட்டத்தரசிக்கு ஆண் பிள்ளை இல்லாவிட்டால் மூத்தவனுக்கே பட்டம் என்பது வம்ச விதி. வான்லி மூத்தவனை அறிவிக்கவும் மாட்டார், இளையவனை அறிவிக்கத் துணியவும் மாட்டார். இன்னும் சின்னப் பிள்ளை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். அதிகாரிகள் மனு மேல் மனு அனுப்பினார்கள். சிலருக்குப் பதவி போனது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள், சிலருக்கு அடி விழுந்தது. அடி வாங்கியவன் தேசத்தின் நாயகனாகிவிடுவான் என்பது மிங் அரசியலின் விசித்திரம். அதனால் அடிக்கு ஆசைப்பட்டே எழுதியவர்களும் உண்டு. பதினைந்து ஆண்டுகள் இழுத்து, 1601இல் பேரரசர் தோற்றார். சாங்லுவோ பட்டத்து இளவரசரானார்.

இந்த இழுபறியின் நடுவில்தான் வான்லி தன் ஆயுதத்தைக் கண்டுபிடித்தார்: பதிலே சொல்லாமல் இருப்பது. 1589 முடிவில் லுவோ யூரென் என்ற இளநிலை அதிகாரி எழுதிய மனு பிரசித்தமானது. பேரரசருக்குக் குடி, காமம், பணத்தாசை, கோபம் ஆகிய நான்கு நோய்கள் என்று நேராகவே எழுதிவிட்டார். 1590 புத்தாண்டு தினத்தன்று வான்லி பெருஞ்செயலர் ஷென் ஷிசிங்கைக் கூப்பிட்டு அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு புலம்பினார். குடிக்கிறேன் என்கிறான், யார்தான் குடிக்கவில்லை? பணத்தாசை என்கிறான், நான் வானத்தின் மகன், நாட்டில் இருக்கும் பணம் எல்லாமே என்னுடையதுதானே! ஷென் ஷிசிங் சாமர்த்தியமாகப் பேசினார். தண்டித்தால் மனுவில் உள்ளது உண்மை என்று ஊர் நம்பிவிடும், சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். அப்படியே நடந்தது. அரசுப் பணத்துக்கும் தன் பணத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் பேசியதாக அந்தப் புலம்பலைப் படிக்கும்போது பின்னால் வரப்போவது முன்னாலேயே தெரிகிறது.

அந்தச் சமயத்திலிருந்து அரசவைக் கூட்டங்கள் நின்றன. சிறுவயதில் தூக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைக்கப்பட்ட அதே அதிகாலைக் கூட்டங்கள். தலைசுற்றல், கால்வலி என்று காரணம் சொல்லி அனுப்புவார். பெருஞ்செயலர்களே ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்கவில்லை. 1601 ஜனவரியில் இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி கடிகாரங்களோடு பெய்ஜிங் வந்தார். தானாக மணியடிக்கும் பெட்டி பேரரசருக்கு மிகவும் பிடித்துப்போனது. அதற்குச் சாவி கொடுக்க அண்ணகர்கள் பயிற்சி எடுத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்க ஆசைப்பட்ட வான்லி, ஓவியர்களை அனுப்பி அவர்களை வரைந்துவரச் சொன்னார். ரிச்சி வணங்கியது ஆளில்லாத சிம்மாசனத்தை.

பேரரசர் வெளியே வராதது பெரிய குற்றமில்லை. அவருடைய தாத்தா ஜியாஜிங்கும் அப்படித்தான். 1542இல் பணிப்பெண்கள் சிலர் கழுத்தை நெரித்துக் கொல்லப் பார்த்த பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அரசவைக்கு வரவில்லை. ஆனால் அவர் மனுக்களைப் பார்த்தார், ஆட்களை நியமித்தார், நீக்கினார். வான்லி நியமிப்பதையே நிறுத்தினார். ஒருவர் ஓய்வுபெற்றாலோ இறந்தாலோ அந்த நாற்காலி காலியாகவே இருக்கும். 1602 கணக்குப்படி பெய்ஜிங், நான்ஜிங் ஆகிய இரண்டு தலைநகரங்களிலும் சேர்த்து 3 அமைச்சர்கள், 10 துணை அமைச்சர்கள், 94 கண்காணிப்பு அதிகாரிகள் இல்லை. வெளியே 25 மாவட்டங்களுக்குத் தலைவர் இல்லை. தேர்வாகி வேலை ஒதுக்கப்பட்டவர்களும் கிளம்ப முடியாமல் தலைநகரில் கிடந்தார்கள். நியமனச் சான்றில் முத்திரை வைக்க வேண்டிய பதவியே காலி. ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்ட அவர்கள், பெருஞ்செயலரின் பல்லக்கைத் தெருவில் மறித்துப் பிடித்துக்கொண்டு கதறியதாகப் பதிவு இருக்கிறது. சிறைகளில் வழக்கை விசாரிக்க ஆளில்லாமல் கைதிகள் ஆண்டுக்கணக்கில் அடைந்துகிடந்தார்கள்.

போவதற்கும் அனுமதி கிடையாது. லி திங்ஜி என்ற பெருஞ்செயலரின் கதை சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ரகம். பதவி விலக விரும்பி 120 தடவைக்கு மேல் மனு கொடுத்தார். பதிலே இல்லை. வீட்டை விட்டுவிட்டு ஒரு பாழடைந்த கோயிலில் போய்த் தங்கினார். ஊர் அவருக்குக் ‘கோயில் பண்டாரப் பெருஞ்செயலர்’ என்று பட்டம் கட்டியது. 1612இல் கடைசியாக ஒரு மனு எழுதிவைத்துவிட்டு, அனுமதிக்குக் காத்திராமல் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். அதற்கும் தண்டனை இல்லை. கவனிக்க ஆளில்லையே.

ஏன் இப்படிச் செய்தார்? சோம்பல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. தான் விரும்பியதைச் செய்யவிடாத ஒரு கூட்டத்தை அடித்தும் பணியவைக்க முடியாது என்று தெரிந்துகொண்ட மனிதர் அவர். புதிதாக நியமிக்கும் ஒவ்வொருவனும் நாளைக்குக் குறை சொல்லப் போகிறவன். காலி நாற்காலி மனு எழுதாது. வேண்டும் என்றால் வேலை செய்யத் தெரிந்தவர்தான்: 1592இல் நிங்சியாவில் கலகம், அதே ஆண்டு தொடங்கிக் கொரியாவில் ஜப்பானியப் படைகளோடு ஏழாண்டுப் போர், 1600இல் போஜோவில் மலைத்தலைவன் ஒருவனின் கிளர்ச்சி. இந்த மூன்றிலும் உறுதியாக முடிவெடுத்தார், வென்றார். மூன்றுக்கும் சேர்த்து ஒரு கோடி டேலுக்கு மேல் செலவு. ஒரு டேல் என்பது ஏறக்குறைய 37 கிராம் வெள்ளி. மையக் கருவூலத்துக்கு ஆண்டுக்கு வந்தது சுமார் 40 லட்சம் டேல்தான்.

அந்தக் கருவூலத்தில் ஏற்கெனவே தன் கல்லறைக்காக அவர் கைவைத்திருந்தார். பெய்ஜிங்குக்கு வெளியே திங்லிங் என்னும் அந்த நிலத்தடி மாளிகைக்கு 1584 முதல் 1590 வரை ஆன செலவு 80 லட்சம் டேல். 1596, 1597 ஆண்டுகளில் அரண்மனையில் அடுத்தடுத்துத் தீ. அவற்றைத் திரும்பக் கட்டப் பணம் வேண்டும். அமைச்சகத்திடம் கேட்டால் கேள்வி வரும். ஆகவே மாகாணங்களுக்கு நேரடியாக அண்ணகர்களை அனுப்பினார்; வெள்ளிச் சுரங்கம் திறக்கவும் வணிகத்தில் வரி போடவும். பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகாது, அரண்மனையின் சொந்தக் கருவூலத்துக்குப் போகும்.

சுரங்கம் என்பது பல இடங்களில் வெறும் பேச்சு. ஒரு பணக்காரன் வீட்டையோ நல்ல வயலையோ காட்டி, இதற்குக் கீழே வெள்ளி ஓடுகிறது என்பார்கள். இடிக்காமல் இருக்கக் காசு கொடுக்க வேண்டும். 1601இல் வூசாங் மக்கள் சென் ஃபெங் என்ற வசூல்காரரைத் துரத்தினார்கள். அவர் உள்ளூர் இளவரசரின் மாளிகைக்குள் ஒளிந்துகொண்டார். கையில் சிக்கிய அவருடைய ஆட்களை யாங்சி ஆற்றில் தூக்கிப் போட்டார்கள். அதே ஆண்டு சூஜோவில் நெசவாளர்கள் எழுந்தார்கள். கே செங் என்ற தொழிலாளி எல்லாப் பழியையும் தான் ஏற்றுக்கொண்டு சிறைக்குப் போனார். யுன்னானில் 1606இல் வசூலுக்குப் போனவரையே கொன்றுவிட்டார்கள். 1597 முதல் 1605 வரை ஒன்பது ஆண்டுகளில் இப்படி அரண்மனைக்கு வந்து சேர்ந்தது கிட்டத்தட்ட 30 லட்சம் டேல். வழியில் ஒதுங்கியது அதைப்போலப் பல மடங்கு என்கிறார்கள். ஆண்டுக்கு 3 லட்சம் சொச்சத்துக்காக நகரங்களின் வணிகர்களையும் நெசவாளர்களையும் அரசுக்கு எதிரியாக்கிக்கொண்ட பேரம் இது.

இதில் மிக ஆபத்தான இடம் வடகிழக்கில் லியாவ்தோங். அங்கே போனவர் காவ் ஹுவாய். எல்லைப் படைவீரர்களிடமே பிடுங்கினார். 1608இல் வீரர்கள் கலகம் செய்த பிறகுதான் அவர் திரும்ப அழைக்கப்பட்டார். அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் அதே ஆண்டுகளில் ஒருவர், பின்னாளில் மஞ்சுக்கள் என்று பெயர்பெற்ற ஜுர்சென் இனக்குழுக்களை ஒவ்வொன்றாக ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார். நூர்ஹாச்சி. 1616இல் தன்னைக் கானாக அறிவித்துக்கொண்டார், 1618இல் ஃபூஷுன் நகரைப் பிடித்தார். பெய்ஜிங்கில் அப்போது பெருஞ்செயலராக இருந்தவர் ஒரே ஆள், ஃபாங் சோங்ஜே. படைக்குப் பணமில்லை. அரண்மனைக் கருவூலத்தைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள்; வான்லி மனமில்லாமல் சிறு துளியைத்தான் கொடுத்தார். நிலவரியோடு ஒரு கூடுதல் வரி போடப்பட்டது. சோறுபோட்டுப் படையை வைத்திருக்க முடியாது, சீக்கிரம் முடியுங்கள் என்று தளபதியை நெருக்கினார்கள். 1619இல் சார்ஹுவில் நான்கு பிரிவாகப் பிரிந்து போன மிங் படையை நூர்ஹாச்சி ஒவ்வொன்றாக அடித்தார். ஐந்தாறு நாளில் சுமார் 45,000 பேர் செத்தார்கள்.

கூடுதல் வரி 1620இல் ஆண்டுக்கு 52 லட்சம் டேல் என்ற அளவுக்கு ஏறியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வான்லி இறந்தார். இறந்த சில நாட்களுக்குள் மகன் சாங்லுவோ அரண்மனைக் கருவூலத்திலிருந்து இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து லட்சம் டேல், எல்லைப் படைக்கு அனுப்பினார். ஆக, பணம் இருந்திருக்கிறது. சாங்லுவோ ஒரு மாதம்தான் பதவியில் இருந்தார். நோய்க்குச் சிவப்பு மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டு இறந்துபோனார். கூடுதல் வரி மட்டும் நிலைத்துவிட்டது.

பட்டம் கிடைக்காத செல்லப் பிள்ளை சாங்சுன் என்ன ஆனார்? அவர் கல்யாணத்துக்கு 3 லட்சம் டேல். லுவோயாங்கில் அவருக்கு மாளிகை 2 லட்சத்து 80 ஆயிரம் டேல், வழக்கத்தைப்போலப் பத்து மடங்கு. 1614இல் ஒருவழியாக அங்கே கிளம்பியபோது அவருக்கு ஒதுக்கிய நிலம் 20 லட்சம் மூ, நம் கணக்கில் கிட்டத்தட்ட 3 லட்சம் ஏக்கர். அவ்வளவு நிலம் அந்த மாகாணத்தில் இல்லாததால் பக்கத்து மாகாணங்களிலிருந்தும் பிடுங்கினார்கள். ஜாங் ஜூஜெங்கிடமிருந்து பறிமுதலான சொத்தையும் எனக்கே கொடுங்கள் என்று கேட்டவர் இந்தப் பிள்ளை. அதைவிடச் சுவாரசியமானது உப்புக் கதை. ஹுவாய் பகுதி உப்பு விற்க உரிமம் வாங்கி லுவோயாங்கில் கடை போட்டார். தன் கடை உப்பைத் தவிர வேறு உப்பு விற்கக்கூடாது என்று தடையும் வாங்கினார். அதுவரை அந்த ஊர்கள் சாப்பிட்டது ஹெதோங் உப்பு. அந்த உப்பின் வருமானம்தான் எல்லைப் படைகளுக்குச் சம்பளம். ஒரு தந்தையின் குற்றவுணர்ச்சி உப்புக்கடை வழியாகப் படைவீரனின் தட்டில் கைவைத்தது.

1640 வாக்கில் அந்த மாகாணத்தில் கொடும் பஞ்சம். லுவோயாங் வழியாகப் போன வீரர்கள், பழைய பேரரசர் நாட்டைச் சுரண்டி இந்த இளவரசரைக் கொழுக்கவைத்தார், அரண்மனையைவிட லுவோயாங்தான் பணக்கார இடம், நாங்கள் பட்டினியோடு போய்ச் சாக வேண்டுமா என்று வாய்விட்டே பேசினார்கள். 1641இல் லி ஜிசெங்கின் கிளர்ச்சிப் படை நகரைப் பிடித்து இளவரசரைக் கொன்றது. அவருடைய களஞ்சியம் ஏழைகளுக்குத் திறந்துவிடப்பட்டது. லி ஜிசெங்கின் பின்னால் கூட்டம் சேர்ந்தது.

சரி, சுறுசுறுப்பான பேரரசர் இருந்திருந்தால் வம்சம் பிழைத்திருக்குமா? அதற்கும் ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. வான்லியின் பேரன் சோங்ஜென் 1627இல் பதினாறு வயதில் பட்டமேறினார். தாத்தாவுக்கு நேர் எதிர். விடிய விடிய மனு படித்தார், சிக்கனமாக வாழ்ந்தார். ஆனால் யாரையும் நம்பவில்லை. 17 ஆண்டுகளில் ஐம்பது பெருஞ்செயலர்களை மாற்றினார். மஞ்சுக்களைத் தடுத்து நிறுத்திய யுவான் சோங்ஹுவானைத் துரோகி என்று 1630இல் கண்டதுண்டமாக வெட்டிக் கொன்றார். மஞ்சுக்களோடு ரகசியமாகச் சமாதானம் பேசச் சொன்னவர் அவரேதான். விஷயம் வெளியே கசிந்ததும் 1642இல் பழியைப் போர் அமைச்சர் சென் சின்ஜியா தலையில் போட்டு அவரையும் கொன்றார். 1644இல் லி ஜிசெங் பெய்ஜிங்கை நெருங்கியபோது தெற்கே நான்ஜிங்குக்குப் போய்விடலாமா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்தது. அந்த யோசனையைத் தன் பேரில் முன்வைக்கப் பெரும்பாலானவர்கள் அஞ்சினார்கள். போகலாம் என்று சொன்னவன் நாளைக்குத் தலையை இழப்பான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏப்ரலில் சோங்ஜென் அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் தூக்கிட்டுக்கொண்டார்.

அதற்குள் தட்பவெப்பம் கெட்டிருந்தது, வடக்கில் வறட்சியும் கொள்ளைநோயும் இருந்தன. மழை பெய்யாததற்கு வான்லியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை பெய்யாத ஆண்டில் வரியைத் தள்ளுபடி செய்யும் வசதியும், களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லும் மாவட்டத் தலைவரும், அவர் அனுப்பும் மனுவைப் படித்துப் பதிலெழுதும் வழக்கமும் ஒரு அரசுக்கு இருக்க வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாக இழந்தது 1580களுக்கும் 1620க்கும் நடுவில்.

1956இல் திங்லிங் கல்லறையைத் தோண்டத் தொடங்கினார்கள். 1957இல் நிலத்தடி அறைகளுக்குள் போனார்கள். பேரரசரின் எலும்புக்கூட்டை ஆராய்ந்தபோது முதுகு லேசாகக் கூனியிருந்தது தெரிந்தது. வலது கால் இடது காலைவிடக் குட்டை. கால்வலியால் வர முடியவில்லை என்று அவர் சொல்லி அனுப்பியதெல்லாம் சாக்கு என்றுதான் அதிகாரிகள் முப்பது ஆண்டுகள் எழுதிவைத்திருந்தார்கள். கண்ணால் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 1966இல், மாவோவின் கலாசாரப் புரட்சியில் இறங்கிய இளைஞர் படையான செங்காவலர்கள் அந்த எலும்புகளை வெளியே எடுத்துப் போட்டு எரித்துவிட்டார்கள்.